ஜாவா முதல் கொமோடோ வரை: வழிகாட்டியுடன் செல்லும் ஒளிப்படப் பயணம் பற்றி ஆலோசனை தேவை

களுதாவளை வானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்தோனேசியாவின் எரிமலைத் தீவுகளைப் படம் பிடிப்பதற்கென்றே சிறு குழுவாக, வழிகாட்டியுடன் அழைத்துச் செல்லும் பயணம் ஒன்றில் சேர எண்ணியிருக்கிறேன். இரண்டு நிரல்கள் கையில் இருக்கின்றன. முதலாவது கிழக்கு ஜாவாவின் சுராபாயா நகரில் தொடங்கி புரோமோ, ஈஜென் எரிமலைகள், பாலி, புளோரஸ் தீவின் கெலிமுத்து ஏரிகள், இறுதியாக அத்தீவின் மேற்குக் கோடியிலுள்ள லபுவான் பாஜோ துறைமுகத்திலிருந்து படகில் ரிஞ்சா, பாடார், கொமோடோ தீவுகள் என்று ஓரிடத்தில் ஓரிரவுக்கு மேல் தங்காமல் ஓடுகிறது. இரண்டாவது கிழக்கு ஜாவாவையும் கொமோடோவையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதே நாட்களை அவ்விரு இடங்களிலேயே செலவிடுகிறது. கட்டணம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், கூடுதலான இடங்களைக் காட்டுவதைத் தெரிவு செய்வதே இலாபம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. ஆனால் காரணம் கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

நான் பாடசாலை ஆசிரியை. ஓகஸ்ட் விடுமுறையில்தான் போக முடியும். இதுவரை வாவியோரப் பறவைகளையும் குமண தேசியப் பூங்காவில் நாரைகளையும் படம் பிடித்த பழக்கம் உண்டு. மிரர்லெஸ் கமரா ஒன்றும், அதனுடன் வந்த லென்ஸும், 100–400 மில்லிமீற்றர் டெலி லென்ஸும் இருக்கின்றன. இரண்டு கவலைகளையும் சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் எனக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருந்தது. இப்போதும் தூசி பட்டால் சில வேளைகளில் இழுக்கும். அடுத்தது, 2004 கடல்கோளில் எங்கள் குடும்பமும் உறவுகளை இழந்தது. எரிமலை, கடல், இந்தோனேசியா என்ற சொற்களை ஒன்றாகக் கேட்டதிலிருந்து அம்மா சரியாக உறங்குவதில்லை. அவருக்கு உண்மையான பதிலைச் சொல்ல விரும்புகிறேன். வெறும் ஆறுதல் சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை.

பொத்துவில் நாடோடி எழுதியது:

சகோதரி, உங்கள் மனம் சாயும் பக்கமே சரியான பக்கம். அதற்குக் காரணம் இருக்கிறது.

எரிமலை நிலக்காட்சி என்பது பெரும்பாலும் விடியலை ஒட்டிய ஒரு மணி நேரத்தின் காட்சி. புரோமோவில் நீங்கள் நிற்கப்போவது ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர் அகலமான தெங்கர் என்ற பழைய எரிமலைப் பெருவாயின் விளிம்பில். கீழே கருமணல் பரந்து கிடக்கும். அதன் நடுவே பாத்தோக் என்ற கூம்பு மலை நிற்கும். அதன் சரிவுகளில் மழைநீர் அரித்த வரிகள் உச்சியிலிருந்து அடிவரை ஒரே சீராக இறங்கும். பக்கத்தில் 2,329 மீற்றர் உயரமான புரோமோவின் புகையும் வாய். எல்லாவற்றுக்கும் பின்னால், 3,676 மீற்றர் உயரத்தில் ஜாவாவின் மிக உயரமான மலையான செமேரு நின்று, விட்டுவிட்டுச் சாம்பற்புகையை மேலே தள்ளும். பனிமூட்டம் மணற்பரப்பில் தாழ்ந்து தேங்கிய நாளில், பெனஞ்சாக்கான் காட்சிமுனையிலிருந்து தெற்கே பார்த்தால், இடப்புறமிருந்து வரும் முதல் வெயில் பாத்தோக்கின் ஒவ்வொரு வரியிலும் ஒளியும் நிழலுமாக விழும். ஆனால் பனி மேலேறிக் காட்சிமுனையையே மூடிய நாளில், கைக்கெட்டிய தூரத்து மரம்கூடத் தெரியாது. இதில் எந்த நாள் உங்களுக்கு வாய்க்கும் என்று எந்த வழிகாட்டியாலும் முந்தைய மாலை உறுதி சொல்ல முடியாது. ஓரிடத்துக்கு ஒரு விடியல் மட்டும் தரும் நிரலில், அந்த ஒன்று மூடிக்கொண்டால் அந்த மலையே உங்களுக்கு இல்லை. இரண்டு மூன்று விடியல்கள் கிடைத்தால், முதல் நாளில் இடத்தை அறிந்துகொண்டு அடுத்த நாளில் படத்தை எடுக்கலாம். உங்கள் முதல் நிரலில் பயணத்துக்காகச் செலவாகும் பகல்களைக் கூட்டிப் பாருங்கள். விலை ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல.

நல்ல வழிகாட்டியின் பயனும் இங்கேதான் தெரியும். ஜீப்புகள் எல்லாம் ஒரே முனைக்கு ஏறும்போது, சற்றுக் கீழேயுள்ள மேட்டில் கூட்டத்துக்கு முன்பே உங்கள் முக்காலியை ஊன்ற வைப்பவர் அவர். பெரும்பாலானோர் சூரியன் எழுந்ததும் கீழிறங்கிவிடுவார்கள். அதற்குப் பிந்திய அரை மணி நேரம் டெலி லென்ஸுக்கு உரியது. உங்கள் 100–400 வைட் லென்ஸைவிட அங்கே கூடுதலாக உழைக்கும். மூன்று மலைகளையும் நெருக்கி ஒரே சட்டத்தில் அடைத்து, முக்காலியை அசைக்காமல், செமேருவின் அடுத்த புகை எழும்வரை காத்திருங்கள். காத்திருக்க விடும் குழுவா, மணி அடித்ததும் ஜீப்பில் ஏற்றும் குழுவா என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈஜெனிலிருந்து சற்று வடகிழக்கே பாலுரான் தேசியப் பூங்கா இருக்கிறது. உங்கள் இரண்டாவது நிரலில் அது இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள். ஜாவாவின் வடகிழக்கு மூலையில், 1,247 மீற்றர் உயரமான ஓர் அவிந்த எரிமலையின் அடியில் விரியும் புல்வெளி அது. பந்தெங் என்ற காட்டு மாடும், ருசா மானும், பச்சை மயிலும் அங்கே உண்டு. நம் குமண மயிலின் கழுத்து நீலம். பச்சை மயிலின் கழுத்தில் இறகுகள் செதில் செதிலாக அடுக்கி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் பொன்னிறம் மின்னும். கொண்டை பக்கவாட்டில் விரியாமல் ஒடுங்கி நேராக நிமிர்ந்திருக்கும். ஓகஸ்ட்டில் புல் காய்ந்து நீர் சுருங்கிவிடுவதால், விலங்குகள் நீர்நிலைகளுக்குத் தாமாகவே வரும். எரிமலையையும் விலங்கையும் ஒரே சட்டத்தில் வைக்க அந்தப் பயணத்தில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கல்முனை நிழல் எழுதியது:

நான் மருந்தாளராகப் பணிபுரிகிறேன். ஓய்வு நேரத்தில் படம் பிடிப்பவன். சகோதரியின் தொய்வு பற்றியே எழுத விரும்புகிறேன், ஏனெனில் அதைப் பலர் இலேசாக எடுத்துக்கொள்வார்கள்.

ஈஜெனின் நீலத் தீ என்பது எரிகுழம்பு அல்ல. மலையின் வெடிப்புகளிலிருந்து 600 பாகை செல்சியஸ் வரை சூடான கந்தக வாயு வெளியேறி, காற்றைத் தொட்டதும் எரிகிறது. பகல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கி, பால்துடிங் என்ற அடிவாரத்திலிருந்து மூன்று கிலோமீற்றர் நடந்து, விளிம்பிலிருந்து மறுபடியும் எரிமலை வாய்க்குள் இறங்குகிறார்கள். அங்கே வீசுவது கந்தக டயொக்சைட். தொய்வு உள்ளவரின் மூச்சுக்குழாயை அது மிகச் சிறிய அளவிலேயே இறுக்கிவிடும். சுகதேகி ஒருவருக்கு இருமல் மட்டும் வரும் இடத்தில் உங்களுக்கு மூச்சே நின்றுபோகலாம். காற்று ஒரு நிமிடத்தில் திசை மாறி, தீயின் அருகே நிற்பவர்களை முழுமையாக மூடிவிடும். கடைகளில் வாங்கும் சத்திரசிகிச்சை முகக்கவசம் இதற்கு எந்தப் பயனும் தராது. என்.95 கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அமில வாயுக்களுக்குரிய வடிகட்டி பொருத்திய, முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் கவசமே வேண்டும். அதை அணிந்தாலும் நீங்கள் வாய்க்குள் இறங்குவதை நான் விரும்பவில்லை. மலையேறுவோரிடம் மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதால், போவதற்கு முன் மட்டக்களப்பிலேயே ஒரு சுவாச நோய் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர் கமராப் பையின் அடியில் அல்ல, சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

விளிம்பில் நின்று பிடிக்கும் படம் குறைந்த படம் அல்ல. உலகிலுள்ள அமில ஏரிகளில் மிகப் பெரியது ஈஜென் ஏரி. விடிந்ததும் அதன் பச்சைநீல நீர்ப்பரப்பின் மேல் மஞ்சள் கலந்த வெண்புகை நகர்வதையும், சுற்றியுள்ள வெளிறிய பாறைச்சுவரில் வெயில் மெல்ல இறங்குவதையும், வாய்க்குள் இருப்பவர்களால் முழுமையாகப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு படத்துக்காக விளிம்பின் ஓரத்துக்குப் போகாதீர்கள். 2024 ஏப்ரலில் அங்கே படத்துக்கு நின்ற சுற்றுலாப் பயணி ஒருவர் கால் தவறி விழுந்து உயிரிழந்தார்.

கந்தகக் கட்டிகளை மூங்கிற் கூடைகளில் சுமந்து வரும் தொழிலாளர்களையும் அந்தப் பாதையில் காண்பீர்கள். ஒரு தோளில் எழுபது கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு செங்குத்துச் சரிவில் வருபவருக்கு முதலில் வழி விட வேண்டும். படம் வேண்டுமானால் அவர் சுமையை இறக்கி இளைப்பாறும்போது கேட்டு எடுக்க வேண்டும். முகத்துக்கு நேரே பிளாஷ் அடிப்பவர்களைத் தடுக்காத வழிகாட்டி நல்ல வழிகாட்டி அல்ல.

கமரா பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப்போல மென்மையானதல்ல. அது நுண்ணிய பாறைத்துகளும் கண்ணாடித்துகளும் ஆகும். துணியால் துடைத்தால் லென்ஸில் கீறல் விழும். முதலில் ஊதி அகற்ற வேண்டும். புரோமோ மணற்பரப்பில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். ஈஜெனில் கந்தக வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உலோகப் பகுதிகளை அரிக்கும் என்பதால், இறங்கியதும் கமராவின் வெளிப்புறத்தையும் முக்காலியையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். லென்ஸின் முன்னால் விலை குறைந்த யூ.வி. பில்டர் ஒன்று இருக்கட்டும்.

மட்டக்களப்புப் புவியியல் எழுதியது:

மகள், நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். உங்கள் அம்மாவின் பயத்துக்கு அடிப்படை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இலங்கையில் 2004 டிசம்பர் 26இல் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்லடி, நாவலடி முதல் நம் கரை முழுவதும் அந்தக் காலையை அறியும். சுமாத்திராவுக்கு மேற்கே அன்று உடைந்த தட்டு எல்லையின் தொடர்ச்சிதான் ஜாவாவின் தெற்குக் கடலடியிலும் ஓடுகிறது. இந்திய–அவுஸ்திரேலியத் தட்டு அங்கே கீழிறங்கி உருகுதலைத் தூண்டுவதால்தான் புரோமோவும் ஈஜெனும் கெலிமுத்துவும் அங்கே நிற்கின்றன. இன்னும் பழைய தொடர்பும் உண்டு: 1883 ஓகஸ்ட் 27இல் கிராக்கட்டோவா வெடித்தபோது எழுந்த அலை நம் கரையையும் தொட்டது, பாணமையில் ஒரு பெண் அதனால் உயிரிழந்ததாக அக்காலப் பதிவுகள் சொல்கின்றன. புளோரஸ் தீவும் 1992 டிசம்பரில் நிலநடுக்கத்தாலும் கடல்கோளாலும் பேரிழப்பைச் சந்தித்தது.

ஆகவே அம்மாவிடம் ஆபத்து இல்லை என்று சொல்ல வேண்டாம். எந்த ஆபத்துக்கு என்ன ஏற்பாடு என்று சொல்லுங்கள். நிலநடுக்கத்துக்கு முன்னறிவிப்பு கிடையாது. எனவே லபுவான் பாஜோவில் கரையோர அறையைத் தவிர்த்து மேட்டிலுள்ள விடுதியைக் கேளுங்கள். பலமான, நீண்ட அதிர்வை உணர்ந்தால் சைரனுக்காகக் காத்திராமல் மேட்டுக்கு நடக்க வேண்டும் என்பதை நம் மக்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எரிமலை வேறு வகை. இந்தோனேசியாவில் ஒவ்வோர் எரிமலைக்கும் நான்கு நிலைகளில் எச்சரிக்கை அறிவிக்கிறார்கள்: நோர்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். நிலையோடு, வாயிலிருந்து எத்தனை கிலோமீற்றருக்குள் போகக்கூடாது என்பதும் சேர்ந்தே வரும். இந்தத் தூரத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. 2023 டிசம்பர் 3இல் சுமாத்திராவின் மராபி வெடித்தபோது அது இரண்டாம் நிலையிலேயே இருந்தது. வாயைச் சுற்றி மூன்று கிலோமீற்றர் தடை இருந்தும் மேலே இருந்த மலையேறிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நீரும் வெப்பமும் மோதி எழும் சிறு வெடிப்புகளுக்கு முன்னறிகுறி கிடைக்காமலும் போகலாம். எனவே நிலை தாழ்வாக இருப்பதை மட்டும் பார்க்காமல், தடைத் தூரத்தை மதிக்கும் வழிகாட்டியோடு போக வேண்டும்.

2024 நவம்பரில் கிழக்கு புளோரஸின் லெவோதோபி லக்கி-லக்கி வெடித்து உயிர்களைப் பறித்தது. அதன் சாம்பலால் பாலி விமான நிலையத்திலும் பறப்புகள் இரத்தாகின. அந்த மலை கொமோடோவிலிருந்து வெகு தொலைவில், தீவின் மறுகோடியில் இருக்கிறது. ஆனாலும் உங்கள் விமானம் நின்றுவிடக்கூடும். கடைசி நாளில் கொமோடோவிலிருந்து இறங்கி அன்றே கொழும்புக்குப் பறக்கும் நிரலை ஏற்காதீர்கள். எரிமலையால் ஏற்படும் தாமதத்தைக் காப்புறுதி ஏற்குமா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பாறை ஏரிக்கரை எழுதியது:

பொத்துவில் சகோதரர் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். கெலிமுத்துவைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விட்டது மட்டும் எனக்கு வருத்தம். ஒரே உச்சியில் மூன்று ஏரிகள். அவற்றுக்குக் கீழிருந்து வரும் வாயுவின் அளவு மாறும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே நிறம் மாறுகின்றது. இறந்தோரின் ஆன்மாக்கள் அவ்வேரிகளுக்கே போகின்றன என்பது அவ்வூர் லியோ மக்களின் நம்பிக்கை. அப்படிப்பட்ட இடத்தை ஒரு காலையில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பதால், இந்த முறை விட்டுவிட்டு, இன்னொரு முறை புளோரஸைத் தரைவழியாகக் கடக்கும் பயணமாகப் போகச் சொல்வேன்.

போவதற்கு முன் செய்யக்கூடிய பயிற்சி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. இங்கினியாகலையிலிருந்து சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போய் கல்லோயா யானைகளைப் படம் பிடித்துப் பாருங்கள். தீவுகளுக்கிடையே அவை நீந்தும்போது, அசையும் படகில், தண்ணீர் மட்டத்திலிருந்து, 400 மில்லிமீற்றரில் கூர்மையான படம் எடுக்கும் பழக்கம் கொமோடோவில் நேரடியாக உதவும். படகில் முக்காலி பயன்படாது. ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குக் குறையாமல் வைத்து, ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளியுணர்திறன்) ஏறுவதைப் பொருட்படுத்தாதீர்கள். வாவியோரத்துக் கபரக்கொய்யா என்ற நீர் உடும்பையும் அலட்சியம் செய்ய வேண்டாம். அது நாக்கை வெளியே நீட்டும் கணத்தைப் பிடிக்கப் பழகியவருக்கு, அதன் உறவான கொமோடோ உடும்பு புதிதாக இராது.

ட்ரோன் கொண்டுபோக எண்ணம் இருந்தால், தேசியப் பூங்காக்களில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

களுதாவளை வானம் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புவியியல் ஆசிரியர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மேட்டிலுள்ள விடுதி என்ற இடத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். ஈஜெனில் வாய்க்குள் இறங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டாவது நிரலையே எடுக்கிறேன். கொமோடோவில் ஓகஸ்ட் மாதம் உகந்ததா, அங்கே வழிகாட்டியிடம் எவற்றைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் பொத்துவில் அண்ணா சொன்னால் போதும்.

பொத்துவில் நாடோடி எழுதியது:

ஓகஸ்ட் நல்ல மாதம்தான், ஆனால் சில விடயங்களுக்குத் தயாராக வேண்டும். நம் கரையில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும் அந்தக் காலத்தில் புரோமோ விளிம்பில் விடியற்காலை வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். கையுறையும் தடித்த மேலாடையும் இல்லாமல் முக்காலியைத் தொடவே முடியாது. பால்வீதியின் மையப் பகுதி ஓகஸ்ட்டில் முன்னிரவிலேயே உச்சிக்கு வந்து, விடியலுக்கு முன் மறைந்துவிடும். எனவே அதைப் புரோமோவின் மேல் பிடிக்க விரும்பினால், விடியல் ஜீப்பை நம்பாமல், அமாவாசையை ஒட்டிய இரவு ஒன்றில் எட்டு மணிக்கே வெளியே நிற்க ஏற்பாடு கேளுங்கள். புல் அந்த மாதம் வைக்கோலாக இருக்கும். 2023 செப்டம்பரில் திருமணத்துக்கு முந்திய படப்பிடிப்பு ஒன்றில் கொளுத்திய வாணத்தால் புரோமோ புல்வெளி பற்றி எரிந்து, பூங்காவையே மூட நேர்ந்தது. குழுவில் யாராவது புகைக்குப்பி, வாணம் என்று பேச்செடுத்தால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

கொமோடோ உடும்புகளின் இணைசேரும் காலம் ஓகஸ்ட் வரை நீள்வதால், வழக்கமான பாதைகளில் அவை குறைவாகத் தென்படலாம். அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி, தீவில் எத்தனை மணிக்கு இறங்குவோம் என்பதே. லபுவான் பாஜோவிலிருந்து காலையில் புறப்படும் வேகப்படகில் பல தீவுகளைச் சுற்றும் நிரலில், உச்சி வெயிலில்தான் உடும்பின் முன் நிற்பீர்கள். அதுவோ நிழலில் வயிற்றை மண்ணில் அழுத்திக் கிடக்கும். இரவைப் படகிலேயே கழித்து, பூங்கா திறக்கும் நேரத்தில் இறங்கினால், உடலைச் சூடேற்ற வெயிலுக்கு வந்த உடும்பின் கழுத்து மடிப்பில் பக்கவாட்டு ஒளி விழும். தடித்த செதில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். செம்பாதங்களைக் கொண்ட ஒரு காட்டுக்கோழி இலைச்சருகையும் மண்ணையும் குவித்துக் கட்டும் முட்டை மேடுகளையும் காவலரிடம் காட்டச் சொல்லுங்கள். பெண் உடும்பு அவற்றைத் தன் முட்டைகளுக்கு எடுத்துக்கொள்வதுண்டு. ஓகஸ்ட் கடைசியில் போனால் மேட்டைக் கிளறும் உடும்பைக் காணும் வாய்ப்பும் இருக்கிறது.

கவைக்கோல் ஏந்திய பூங்காக் காவலர் சொல்வதே அங்கே இறுதி வார்த்தை. தாழ்ந்த கோணம் வேண்டும் என்று தரையில் படுக்க வேண்டாம். கமராவின் திரையை மடித்துக் கீழே பிடித்தால் போதும். மூன்று மீற்றர் வரை வளரும் அந்த விலங்கின் கடியில் நஞ்சு உண்டு. இரத்த வாடையை அது தொலைவிலிருந்தே அறியும் என்பதால், திறந்த காயமோ மாதவிலக்கோ இருந்தால் முன்கூட்டியே காவலரிடம் சொல்லும்படி கேட்பார்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. இந்த இனத்தை 2021இல் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இரை காட்டி வரவழைத்துப் படம் எடுக்க ஏற்பாடு செய்வதாக யாராவது சொன்னால் அந்தப் பயணத்தில் சேரவே வேண்டாம்.

பாலியிலிருந்து லபுவான் பாஜோவுக்குப் பறக்கும்போது, பாலிக்கும் லொம்பொக் தீவுக்கும் இடையிலுள்ள லொம்பொக் நீரிணையைத் தாண்டுவீர்கள். 1856இல் இயற்கையியலாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் அதைக் கடந்தபோது, குறுகிய அந்த நீரின் இரு கரையிலும் பறவைகள் வேறுபடுவதைக் கண்டார். கொமோடோவில் மஞ்சள் கொண்டை வெண்கிளியைக் கண்டால் விடாமல் படம் பிடியுங்கள். நீரிணைக்கு மேற்கே, ஆசியப் பக்கத்தில் அந்தக் கிளிக் குடும்பத்தைக் காண்பது அரிது.

வழிகாட்டியிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: தடைத் தூரம் கூடினால் எந்த இடத்தை எதனால் மாற்றுவார், அதற்குப் பணம் திரும்புமா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டா, துறைமுக அதிகாரி கடலுக்குப் போகத் தடை விதித்தால் அதை மதிப்பாரா. விசா விதிகளைக் கொழும்பிலுள்ள இந்தோனேசியத் தூதரகத்திடமே நேரில் கேளுங்கள். பற்றறிகளைக் கைப்பையில் கொண்டுபோங்கள். ஜாவாவிலிருந்து பாலிக்குக் கடந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துங்கள். கமராவின் நேரத்தையும் அப்போதே மாற்றிவிட்டால், படங்களை ஒழுங்குபடுத்தும்போது குழப்பம் வராது.